பெயர் எழுத வேண்டாம்

பள்ளி வாசலில் இரும்புத் தொப்பியும் கவச உடுப்பும் போட்ட காவலாளி நிற்கிறார். சுவரில் சாய்த்து வைத்திருக்கும் நீண்ட கழியின் நுனி கவட்டையாகப் பிரிந்திருக்கிறது. கத்தியோடு வருபவனைச் சுவரோடு சேர்த்து அழுத்திப் பிடிப்பதற்கான கருவி அது. 2010-இல் சீனாவின் பல ஊர்களில் ஆட்கள் பள்ளிகளுக்குள் புகுந்து குழந்தைகளைத் தாக்கிய சம்பவங்களுக்குப் பிறகு இந்தக் காவல் கெட்டிப்பட்டது. வெளியிலிருந்து வரும் ஆபத்துக்கு வாசலில் எல்லா ஏற்பாடும் இருக்கிறது. நாங்கள் கேட்க வந்திருப்பது வாசலுக்கு உள்ளே, பிள்ளைகளுக்குப் பிள்ளைகளாலேயே நடப்பதைப் பற்றி.

ஷான்டோங் மாகாணத்தின் மேற்குப் பக்கம், நம் தாலுகா தலைநகர் அளவில் ஓர் ஊர். 2025 அக்டோபர். தார்ச்சாலையின் ஓரத்தில் மக்காச்சோளம் காய்கிறது. அறுத்து முடித்த நிலத்தில் கோதுமை விதைக்கிறார்கள். பள்ளியில் ஏழு, எட்டு, ஒன்பதாம் வகுப்புகள். 12 முதல் 15 வயதுப் பிள்ளைகள். சுற்றுக் கிராமத்துப் பிள்ளைகள் வாரம் முழுக்க விடுதியில் தங்கி வெள்ளி மாலைதான் வீட்டுக்குப் போகிறார்கள். முன்பு கிராமத்துக்குக் கிராமம் பள்ளி இருந்தது. 2001-க்குப் பிறகு சிறு பள்ளிகளை மூடிப் பெரிய பள்ளிகளோடு சேர்க்கும் கொள்கை வந்தது. 2000-க்கும் 2010-க்கும் இடையே சீனக் கிராமங்களின் தொடக்கப் பள்ளிகள் பாதிக்கும் மேல் குறைந்துபோயின. 2012-இல் அரசே அதை நிறுத்தச் சொன்னது என்றாலும் மூடியவை மூடியவைதான். ஆகவே சின்ன வயதிலேயே விடுதிக் கட்டிலுக்கு வந்துவிட்ட பிள்ளைகள் இங்கே பலர். அவர்களில் நிறையப் பேருடைய அப்பா அம்மா எங்கோ ஒரு நகரத்தில் தொழிற்சாலையிலோ கட்டட வேலையிலோ இருக்கிறார்கள். ஊரில் தாத்தா பாட்டிதான்.

மாகாணத் தலைநகர் ஜினானிலிருந்து வந்த பல்கலைக்கழக ஆய்வுக் குழுவோடு வந்திருக்கிறேன். உளவியல் பேராசிரியை ஒருவர், அவருடைய முதுகலை மாணவர்கள் சிலர். நான் வெறும் பார்வையாளர். வெளிநாட்டவர் சீனாவில் தாமாக இப்படிப்பட்ட கணிப்பு நடத்த முடியாது. 2004-இல் வந்த விதிப்படி, உரிமம் பெற்ற உள்நாட்டு நிறுவனம் வழியாக, முன் அனுமதி வாங்கித்தான் செய்ய வேண்டும். படிவத்தைத் தொடுவதில்லை, பிள்ளைகளிடம் கேள்வி கேட்பதில்லை, பள்ளியின் பெயரையோ கிடைத்த எண்களையோ வெளியில் எழுதுவதில்லை என்று ஒப்புக்கொண்டே உள்ளே வந்தேன்.

துணைத் தலைமையாசிரியரின் அறையில் காகிதக் குவளையில் வெந்நீர் கொடுத்தார்கள். ஐம்பது வயதிருக்கும் அவருக்கு. கனிவாகப் பேசினார். மேசைமேல் ஒரு கோப்பைத் தயாராக எடுத்து வைத்திருந்தார். போன பருவத்தில் பள்ளியே நடத்திய கணிப்பு.

பள்ளிகள் இதை விருப்பப்பட்டுச் செய்வதில்லை. சட்டம் செய்யச் சொல்கிறது. 2021 ஜூன் 1 முதல் நடைமுறைக்கு வந்த திருத்தப்பட்ட சிறார் பாதுகாப்புச் சட்டம்தான் மாணவர் வதை என்றால் என்ன என்று முதன்முதலாகச் சட்ட வாசகத்தில் வரையறுத்தது. அதே ஆண்டு செப்டம்பர் 1 முதல் அமலான கல்வி அமைச்சகத்தின் விதிகள் இன்னும் இறங்கி வந்து பேசின. அடித்தல், கிள்ளுதல், உதைத்தல்; திட்டுதல், கேவலமான பட்டப்பெயர் வைத்தல்; பணத்தையோ பொருளையோ பறித்தல்; வேண்டுமென்றே ஒதுக்கித் தனிமைப்படுத்தல்; இணையத்தில் அவதூறு பரப்புதல், அந்தரங்கத்தை வெளியிடுதல் என்று ஐந்து வகை வகுத்தன. எல்லா மாணவர்களிடமும் அவ்வப்போது இதுகுறித்துத் தனிக் கணிப்பு நடத்தியாக வேண்டும் என்றும் பள்ளிகளுக்குச் சொல்லின. நல்ல விதி. இதை நான் முழு மனதோடு சொல்கிறேன். பிள்ளைகளிடமே போய்க் கேள் என்று ஒரு நாட்டின் விதிநூல் சொல்வது சிறிய விஷயமில்லை.

பேராசிரியை கோப்பைப் புரட்டினார். எல்லாப் பக்கத்திலும் பூஜ்யம், அல்லது பூஜ்யத்தை ஒட்டிய எண்.

“பிள்ளைகள் எதில் எழுதினார்கள்?”

“கைபேசியில். பெற்றோரின் வீசாட் குழுவில் க்யூஆர் குறியை அனுப்பினோம். ஞாயிற்றுக்கிழமைக்குள் முடித்துவிட்டார்கள்.”

“யார் கைபேசியில்?”

அவர் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, “பெற்றோர் கைபேசியில்தான். பிள்ளைகள் கைபேசி வைத்துக்கொள்ளக் கூடாதே” என்றார்.

2021 தொடக்கத்திலிருந்து பள்ளிக்குள் மாணவர்கள் கைபேசி கொண்டுவரத் தடை. இணையக் கணிப்பு என்றால் வீட்டில் பெரியவர் கைபேசியில்தான் நிரப்ப முடியும். பேத்தியின் தோளுக்குப் பின்னால் கண்ணாடியைச் சரிசெய்தபடி பாட்டி உட்கார்ந்திருப்பார். இல்லையென்றால், நேரமில்லாத அப்பாவே எல்லாவற்றுக்கும் ‘இல்லை’ என்று தட்டி அனுப்பியிருப்பார். விடுதியில் இரவு நடந்ததை வீட்டில் சொல்லாமல் வைத்திருக்கும் ஒரு பிள்ளை அதை வீட்டாரின் கைபேசித் திரையில் எப்படிச் சொல்லும்?

அறைகளைப் பார்க்கக் கிளம்பினோம். எட்டாம் வகுப்புக் கட்டடத்தின் தாழ்வாரம் நீளமானது. வகுப்பில் ஐம்பதை நெருங்கும் பிள்ளைகள். இருவர் இருவராக மேசைகள். மேசைமேல் முகத்தை மறைக்கும் உயரத்துக்குப் புத்தக அடுக்கு, பக்கத்தில் வெந்நீர்க் குப்பி. எல்லோருக்கும் விளையாட்டு உடை மாதிரியான நீலமும் வெள்ளையும் கலந்த சீருடை. கரும்பலகைக்கு மேலே கொடி. அதற்குச் சற்றுத் தள்ளிக் கண்காணிப்பு கேமரா.

“இங்கே வேண்டாம்” என்றார் பேராசிரியை.

“தேர்வு நேரத்தில் மட்டும்தான் அது ஓடும்” என்றார் துணைத் தலைமையாசிரியர்.

“பிள்ளைகளுக்கு அது தெரியாதே.”

கடைசியில் மூன்றாம் மாடியின் ஓவிய அறை கிடைத்தது. கேமரா இல்லை. பூசணிக்காயும் மண்ஜாடியும் வரைந்த தாள்கள் சுவரில் ஒட்டியிருந்தன. முதுகலை மாணவர்கள் மேசைகளை அகட்டிப் போட்டார்கள். ஒருவர் தாள் இன்னொருவர் கண்ணுக்கு எட்டாத இடைவெளி. ஒவ்வொரு வகுப்பாக அங்கே வந்து எழுதிப் போவது என்று ஏற்பாடு. வகுப்பாசிரியர்கள் கீழே தங்கள் அறையிலேயே இருக்க வேண்டும். முதல் வகுப்போடு வந்த வகுப்பாசிரியை கதவருகே தயங்கி நின்றார். சீனப் பள்ளியில் வகுப்பாசிரியருக்கு வகுப்பு கிட்டத்தட்டச் சொந்தக் குடும்பம். காலை உடற்பயிற்சியிலிருந்து இரவு படிப்பு முடியும்வரை அந்த ஐம்பது பேருக்கும் அவர்தான் பொறுப்பு, அவர்களின் மதிப்பெண்ணுக்கும் அவர்தான். வெளியே போகச் சொன்னதில் அவருக்கு வருத்தம் இருந்ததை முகத்தில் பார்த்தேன். ஆனாலும் போனார்.

வகுப்புத் தலைவி எழுந்து, தாள்களைத் தானே விநியோகிப்பதாகச் சொன்னாள். வழக்கம் அதுதான். வீட்டுப்பாடம் சேகரிப்பது, சத்தம் போட்டவர் பெயரைக் குறிப்பது எல்லாம் வகுப்புத் தலைவர்களின் வேலை. “இன்று உனக்கு ஓய்வு” என்று அவளை உட்காரவைத்தார்கள். நல்ல பிள்ளையாகத்தான் தெரிந்தாள். இருந்தாலும் வகுப்பில் அதிகாரம் உள்ள ஒரு பிள்ளையின் கை வழியாக இந்தத் தாள் போய் வரக் கூடாது. ஆசிரியருக்கு நெருக்கமானவர்கள், நன்றாகப் படிப்பவர்கள் வதைப்பவர்களாக இருக்க மாட்டார்கள் என்று நினைப்பது பெரியவர்களின் வழக்கம். பிள்ளைகள் அப்படி நினைப்பதில்லை.

தாளோடு ஆளுக்கொரு பழுப்பு உறையும் கொடுத்தார்கள். “பெயர் எழுத வேண்டாம். மாணவர் எண்ணும் வேண்டாம். பதில் சொல்ல விருப்பமில்லாத கேள்வியை விட்டுவிடலாம். முடித்ததும் நீங்களே உறையில் போட்டு ஒட்டி, நீங்களே இந்தப் பெட்டியில் போட வேண்டும். உங்கள் ஆசிரியர் யாரும் இதைப் பார்க்க மாட்டார்கள்.” குழுவின் இளைஞர் ஒருவர் இதைச் சொன்னார், திரும்பவும் ஒருமுறை நிதானமாகச் சொன்னார். பின்வரிசையிலிருந்து ஒரு பையன் கை தூக்கினான்.

“லாவ்ஷி (ஆசிரியரே), கையெழுத்து?”

அவன் கேட்டதன் பொருள் எல்லோருக்கும் புரிந்தது. பெயர் இல்லாவிட்டாலும் கையெழுத்தை வைத்துக் கண்டுபிடித்துவிடுவார்களே. “குறி மட்டும் போட்டால் போதும். கடைசியில் எழுதும் இடம் ஒன்று உண்டு. அதைப் பள்ளியில் யாரும் படிக்க மாட்டார்கள், நாங்கள் கையோடு ஜினானுக்கு எடுத்துப் போகிறோம்” என்று பதில் வந்தது. பையன் தலையாட்டிவிட்டு உட்கார்ந்தான்.

முதல் கேள்வி பழக்கத்துக்காக: போன வாரம் எத்தனை நாள் காலையில் முட்டை சாப்பிட்டாய்? சிரிப்பலை எழுந்து அடங்கியது. அதன் பிறகு மெல்ல மெல்லக் கேள்விகள் கனக்கத் தொடங்கின. இந்தப் பருவம் தொடங்கியதிலிருந்து, உன்னை வேண்டுமென்றே விளையாட்டில் சேர்க்காமல் விட்டார்களா? உன் பொருளை எடுத்தார்களா, உடைத்தார்களா? உன்னைப் பற்றி இல்லாததைப் பரப்பினார்களா? அடித்தார்களா, தள்ளினார்களா? ஒவ்வொன்றுக்கும் ஒருபோதும் இல்லை, ஓரிரு முறை, மாதத்துக்கு இரண்டு மூன்று முறை, வாரம் ஒரு முறை, வாரத்தில் பல முறை என்று ஐந்து கட்டம். அடுத்த பக்கத்தில் அதே கேள்விகள் திரும்பி வந்தன: நீ இன்னொருவரை அப்படிச் செய்தாயா? அதற்கடுத்த பக்கம் பார்த்தவர்களுக்கு: அது நடந்தபோது நீ என்ன செய்தாய்? இறுதியாக: யாரிடமாவது சொன்னாயா? சொன்ன பிறகு என்ன ஆயிற்று?

இப்படிக் கேட்கும் முறைக்கு ஒரு வரலாறு உண்டு. 1982-இன் கடைசியில் வட நார்வேயில் மூன்று சிறுவர்கள் தற்கொலை செய்துகொண்டார்கள். சக மாணவர்களின் கொடுமையே பெரும்பாலும் காரணம் என்று செய்தி வந்ததும் நாடு கொதித்தது. அடுத்த ஆண்டே நார்வே பள்ளிகள் முழுவதும் இயக்கம் தொடங்கியது. அதற்காக உளவியலாளர் டான் ஓல்வேயஸ் உருவாக்கிய வினாப்படிவம்தான் பிறகு உலகெங்கும் போனது. அதைச் சீனப் பிள்ளைகளுக்கு ஏற்பத் திருத்தியவர் ஷான்டோங் நார்மல் பல்கலைக்கழகத்தின் ஜாங் வென்சின். 1999-இல் திருத்தம் வெளியானது. பின்னர் ஷான்டோங், ஹெபெய் மாகாணங்களில் ஒன்பதாயிரத்துக்கும் மேற்பட்ட மாணவர்களிடம் கேட்டு அவர் 2002-இல் வெளியிட்ட ஆய்வு, வதைப்பவராகவோ வதைபடுபவராகவோ இரண்டுமாகவோ ஏறக்குறைய ஐந்தில் ஒருவர் இதில் சிக்கியிருப்பதாகச் சொன்னது. அது வேறு காலம். சீனச் செய்தித்தாள்களில் இந்த விஷயம் அவ்வளவாகப் பேசப்படாத காலம். இந்த மாகாணத்தின் வகுப்பறைகளில் அன்றே ஒருவர் போய்க் கேட்டிருக்கிறார் என்பதை ஓவிய அறையின் மூலையில் உட்கார்ந்தபடி நினைத்துக்கொண்டேன்.

உலக அளவிலும் எண்கள் உண்டு. 2018-இன் பீசா எனும் பன்னாட்டு மாணவர் மதிப்பீட்டு ஆய்வில் பெய்ஜிங், ஷாங்காய், ஜியாங்சு, ஜெஜியாங் ஆகிய நான்கு பகுதிகளின் 15 வயது மாணவர்களில் 18 விழுக்காட்டினர் மாதத்துக்குச் சில தடவையாவது வதைபடுவதாகச் சொன்னார்கள். பொருளாதார ஒத்துழைப்பு வளர்ச்சி அமைப்பின் நாடுகளில் சராசரி 23. சீனாவுக்கு நல்ல செய்திபோலத் தோன்றும். ஆனால் அந்த நான்கும் நாட்டின் வளமான பகுதிகள். மக்காச்சோளம் காயும் இந்தச் சாலையோரப் பள்ளி அந்த எண்ணுக்குள் இல்லை.

கடைசிப் பக்கத்தின் எழுதும் இடத்துக்கு வந்தபோது, இந்தக் குழு செய்த ஏற்பாடு என்னை நெகிழவைத்தது. அந்த இடத்தை எல்லோரும் நிரப்ப வேண்டும். சொல்ல எதுவும் இல்லாதவர்கள், பலகையில் எழுதிப் போட்டிருக்கும் இலையுதிர்காலம் பற்றிய ஒரு பத்தியை அப்படியே பார்த்து எழுதலாம். சொல்ல இருப்பவர்கள் தங்களுடையதை எழுதலாம். எல்லாப் பேனாவும் ஒரே நேரத்தில் ஓடியது. யார் பலகையைப் பார்த்து எழுதுகிறார்கள், யார் மனதிலிருந்து எழுதுகிறார்கள் என்று பக்கத்திலிருப்பவருக்குத் தெரிய வழியில்லை. ஒரு கேள்வித்தாளில் பிள்ளையின் மேல் இவ்வளவு அக்கறை வைக்க முடியும் என்பதை அங்கேதான் கண்டேன்.

ஒரு பெண் மட்டும், பலகைப் பத்தியை முடித்த எல்லோரும் பேனாவை மூடிய பிறகும் எழுதிக்கொண்டிருந்தாள். குழுவினர் உடனே பலகையில் இன்னொரு பத்தியைச் சேர்த்தார்கள். மற்றப் பிள்ளைகள் சலித்துக்கொண்டே மறுபடி குனிந்தார்கள்.

மதியத்துக்குப் பிறகு வேறு வேலை. பள்ளியின் வரைபடம் அச்சிட்ட தாள். சிவப்பு, பச்சை வண்ணப் பென்சில்கள். பயமாக இருக்கும் இடத்துக்குச் சிவப்பு, நிம்மதியாக இருக்கும் இடத்துக்குப் பச்சை. பக்கத்தில் நேரமும் குறிக்கலாம். தாள்களைச் சேர்த்து அடுக்கியதும் சில இடங்களில் சிவப்பு திரும்பத் திரும்ப விழுந்திருந்தது. நாங்கள் அந்த வழியே நடந்தோம்.

படிக்கட்டின் திருப்பம், விளையாட்டுத் திடலின் வடமூலை, கழிவறை, வெந்நீர் அறை. வெந்நீர் அறையில் மாலை உணவுக்குப் பிறகு குப்பி நிரப்பக் கூட்டம் நெரியும். யாருக்காக யார் குப்பி சுமக்கிறார்கள் என்பது அங்கே தெரியும். சில பிள்ளைகள் கைநிறைய ஐந்தாறு குப்பிகளோடு வரிசையில் நிற்பது வழக்கம் என்று அங்கே கூட்டிப் பெருக்கும் அம்மா சொன்னார். நட்புக்காகச் சுமக்கிறார்களா, பயத்துக்காகச் சுமக்கிறார்களா என்று அவர் யோசித்ததில்லை. எங்களிடம் சொல்லும்போதுதான் யோசித்தார்.

கழிவறைச் சுவரின் மேல்பக்கம் சிறிய வெள்ளைப் பெட்டி ஒன்று இருக்கிறது. “காப்பாற்றுங்கள்” என்று யாராவது கத்தினால் பாதுகாப்பு அறையில் மணி அடிக்கும். கேமரா வைக்க முடியாத இடங்களுக்காக இந்தக் குரலுணர் கருவியைச் சீனாவின் பல பள்ளிகள் இப்போது பொருத்துகின்றன. பொருத்தியதில் தவறில்லை. ஒரு பிள்ளை காப்பாற்றப்பட்டாலும் போதும். ஆனால் கழிவறையில் நான்கு பேர் சூழ நிற்கும்போது பன்னிரண்டு வயதுப் பிள்ளை கத்துவதில்லை. வதைபடுகிறவர்கள் முதலில் இழப்பது குரலைத்தான்.

சிவப்பு அதிகம் விழுந்தது விடுதியில். அங்கும் நேரம் குறித்திருந்தார்கள். இரவு படிப்பு முடிந்து விளக்கணைக்கும் வரை, பிறகு விளக்கணைத்த பின். அறைக்கு எட்டுக் கட்டில், அடுக்கு அடுக்காக. கீழே வரிசையாக முகம் கழுவும் சட்டிகள், ஒரே திசையில் திரும்பிய பல்துலக்கிகள். அறைச் சுத்தத்துக்கு மதிப்பெண் பலகை கதவில் தொங்குகிறது. தரைத்தளத்தில் விடுதிக் காப்பாளர் அம்மாவின் அறை. இரவில் மூன்று மாடிக்கும் அவர் ஒருவரே. முழங்கால் வலி. மேல் மாடிக்கு ஒருதடவை ஏறி இறங்குவதே பாடு என்றார். வீட்டுக்குப் பேச மாடிக்கு ஓர் அட்டைத் தொலைபேசி; அதுவும் நடைக்கூடத்தின் நடுவில், எல்லோர் காதிலும் விழும்படி. இந்த மாடியில் வதைபடும் பிள்ளை வீட்டைக் கூப்பிட்டால் வதைப்பவர்கள் பக்கத்திலேயே வரிசையில் நின்றிருப்பார்கள்.

விடுதியிலிருந்து திரும்பும்போது வகுப்பாசிரியை எங்களோடு சேர்ந்துகொண்டார், காலையில் வெளியே அனுப்பப்பட்டவர். அவராகவே ஹான்தான் விஷயத்தைப் பேசினார். இங்கிருந்து அது பெரிய தூரமில்லை, பக்கத்து மாகாணம். 2024 மார்ச் 10 அன்று ஹான்தான் நகரின் ஃபெய்சியாங் பகுதியில் 13 வயதுப் பையன் ஒருவனை உடன் படித்த மூன்று பேர் கொன்று, கைவிடப்பட்ட காய்கறிப் பசுங்குடிலில் புதைத்தார்கள். முன்பிருந்தே அவனை வதைத்து வந்தார்கள் என்று குடும்பம் சொன்னது. மூவருக்கும் 14 வயது நிறையவில்லை. 2021-இல் வந்த குற்றவியல் சட்டத் திருத்தம், மிகக் கொடிய குற்றங்களில் உச்ச அரசுவழக்கு மன்றம் அனுமதித்தால் 12 வயதிலிருந்தே விசாரிக்க வழி திறந்திருந்தது. அனுமதி கிடைத்தது. 2024 டிசம்பர் 30 அன்று ஒருவனுக்கு ஆயுள் தண்டனை, இன்னொருவனுக்கு 12 ஆண்டு, மூன்றாமவனுக்குக் குற்றத் தண்டனை இன்றிச் சிறப்புச் சீர்திருத்தக் கல்வி என்று தீர்ப்பாயிற்று.

“அந்த மாதம் முழுக்க என் வகுப்புப் பிள்ளைகளின் முகத்தை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே இருந்தேன்” என்றார் அவர். “யார் யாரை என்ன செய்கிறார்கள் என்று முகத்தைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியவில்லை. நாளெல்லாம் அவர்களோடுதான் இருக்கிறேன். ஆனாலும் முடியவில்லை.” காலையில் வெளியே அனுப்பியதற்காக அவர் கோபப்படவில்லை, தாள்களில் தன் வகுப்பைப் பற்றி என்ன வந்திருக்கிறது என்றும் கேட்கவில்லை. அது எளிதாக இருந்திருக்காது.

இரவு, நாங்கள் தங்கியிருந்த விடுதியில் உறைகளைப் பிரித்தார்கள். நான் தள்ளி உட்கார்ந்திருந்தேன். பெரும்பாலான தாள்களில் இலையுதிர்காலப் பத்திதான். இடையிடையே வேறு கையெழுத்து வரும்போது வாசிப்பவரின் முகம் மாறும். ஒதுக்கப்படுவதைப் பற்றித்தான் அதிகம் எழுதியிருந்தார்கள் என்றார் பேராசிரியை. சாப்பாட்டுக்கூடத்தில் தட்டோடு வந்து உட்கார்ந்ததும் மேசையே காலியாவது, இருவர் மேசையில் பக்கத்து இருக்கைக்காரர் மேசையை ஒரு விரற்கடை நகர்த்தி வைப்பது. அடி உதை என்றால் பெரியவர்கள் ஓடி வருகிறார்கள். ஒரு விரற்கடை இடைவெளிக்கு யாரிடம் போய்ப் புகார் செய்வது?

ஒரு தாளில் இப்போதும் நடந்துகொண்டிருக்கும் ஒன்று இருந்தது. விடுதியில், விளக்கணைத்த பின். பெயர் இல்லை, அறை எண் இல்லை.

பெயரற்ற கணிப்பின் மிகக் கடினமான முடிச்சு இது. 2020-இல் ஒன்பது துறைகள் சேர்ந்து கொண்டுவந்த ஏற்பாட்டின்படி, சிறாருக்குத் தீங்கு நேர்வதை அறிந்தால் ஆசிரியர்களும் மருத்துவர்களும் அதிகாரிகளிடம் தெரிவித்தே ஆக வேண்டும். தெரிவிப்பதென்றால் யாருக்கு நடந்தது என்று தெரிய வேண்டும். கையெழுத்தை ஒப்பிட்டுப் பார்த்தால் கண்டுபிடித்துவிடலாம். பையன் காலையில் கேட்டது அதைத்தான். முதுகலை மாணவர்களில் ஒருவர் ஒப்பிட்டுப் பார்க்கலாம் என்றார். ஒரு பிள்ளை துன்பப்படுகிறது, வாக்கு முக்கியமா பிள்ளை முக்கியமா என்று கேட்டார். அவர் கண்ணில் நீர் நின்றது.

பேராசிரியை நெடுநேரம் யோசித்தார். வாக்கை மீறினால் இந்தப் பள்ளியில் இனி ஒரு பிள்ளையும் எழுதாது என்றார். அதே சமயம் சும்மா இருக்கவும் முடியாது. எந்த வகுப்பு ஆண்டின் விடுதி மாடி, எந்த நேரம் என்பதை மட்டும் அன்றிரவே துணைத் தலைமையாசிரியருக்குத் தொலைபேசியில் சொன்னார். தனி அறை எதையும் குறிவைக்காமல் அந்த மாடி முழுவதும் ஆசிரியர் ஒருவர் இரவு தங்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டார். காலையிலேயே எல்லாப் பிள்ளைகள் கையிலும் ஓர் அட்டை கொடுத்தாகிவிட்டது. அதில் 12355 என்ற இளைஞர் உதவி எண்ணும், 12309 என்ற அரசுவழக்கு மன்ற எண்ணும், ஜினான் குழுவின் எண்ணும் இருந்தன. அந்தப் பிள்ளை கூப்பிட்டால் பெயரோடு பேசலாம். எனக்கு அந்த முடிவு சரியென்றே பட்டது. ஆனாலும் அன்று யாருக்கும் உறக்கம் எளிதில் வரவில்லை.

மறுநாள் காலைக் கூட்டம். துணைத் தலைமையாசிரியர் முதலில் கேட்டது, வகுப்புவாரியாக எண்கள் வேண்டும் என்று. பேராசிரியை மறுத்தார். ஐம்பது பேர் வகுப்பில் ‘வாரம் பல முறை’ என்று குறித்தவர் ஒரே ஒருவர் என்றால், அது யார் என்று அரைநாளில் கண்டுபிடித்துவிடுவார்கள். வகுப்பு ஆண்டுவாரியாக மட்டும் தருவோம் என்றார்.

துணைத் தலைமையாசிரியர் அடுத்துச் சொன்னதை நான் மதிக்கிறேன். மனம் திறந்து சொன்னார். “எங்கள் வட்டாரத்தில் எல்லாப் பள்ளியும் பூஜ்யம் என்று அறிக்கை அனுப்பும். ஒன்றும் நடக்காவிட்டாலும் ‘ஒன்றுமில்லை’ என்று எழுதி அனுப்பியாக வேண்டும். நான் மட்டும் இந்த எண்ணை அனுப்பினால் மிக மோசமான பள்ளி எங்களுடையதாகிவிடும். பாதுகாப்பான பள்ளி என்ற மதிப்பீடு போய்விடும். வகுப்பாசிரியர்களின் ஆண்டு மதிப்பீட்டிலும் அடி விழும்.”

இதுதான் மையச் சிக்கல் என்று நான் நினைக்கிறேன். 2026 ஜனவரி 1-ஐ அமல் நாளாகக் கொண்ட திருத்தப்பட்ட பொது ஒழுங்குச் சட்டம், கடுமையான மாணவர் வதை நடப்பது தெரிந்தும் தெரிவிக்காமலோ நடவடிக்கை எடுக்காமலோ இருக்கும் பள்ளியின் பொறுப்பாளர்களைத் தண்டிக்கப் பரிந்துரைக்கச் சொல்கிறது. நோக்கம் நல்லது. ஆனால் தெரிந்துகொள்வதே ஆபத்து என்று ஆகிவிட்டால், தெரியாதபடி கேட்கும் கணிப்புகள்தான் பெருகும். ஞாயிற்றுக்கிழமைக்குள் முடியும் கணிப்புகள். கல்வி அலுவலகங்கள் பயப்பட வேண்டியது பூஜ்யத்தைப் பார்த்து. ஐம்பது பிள்ளைகள் ஒன்றாக உண்டு உறங்கிப் படிக்கும் வகுப்பிலிருந்து பூஜ்யம் வந்தால், அங்கே கேட்டவர் சரியாகக் கேட்கவில்லை, அல்லது பிள்ளைகள் யாரையும் நம்பவில்லை. முதல்முறை ஒழுங்காகக் கேட்கும் எந்தப் பள்ளியிலும் எண் ஏறத்தான் செய்யும். அந்த ஏற்றத்துக்குத் தண்டனை கிடையாது என்று மேலிருப்பவர்கள் எழுத்தில் உறுதி கொடுக்காதவரை, இந்தத் துணைத் தலைமையாசிரியரைப் போன்ற நல்ல மனிதர்களும் பழைய கோப்பையே திரும்ப அனுப்புவார்கள். அவர்களை நான் குறை சொல்ல மாட்டேன்.

பேராசிரியை தாளைத் திருப்பிக் கடைசிப் பக்கத்தைக் காட்டினார். “மொத்த எண்ணை விடுங்கள். சொன்னாயா, சொன்ன பிறகு என்ன ஆயிற்று என்று கேட்டிருக்கிறோம், பாருங்கள். நின்றது, அப்படியே தொடர்ந்தது, இன்னும் மோசமானது என்று மூன்று பதில். உங்கள் பள்ளி எப்படி வேலை செய்கிறது என்பதை இந்தக் கேள்விதான் சொல்லும். அடுத்த பருவத்தில் மொத்த எண் கூடியிருந்து, இதில் ‘நின்றது’ என்பதும் கூடியிருந்தால் நீங்கள் சரியான வழியில் போகிறீர்கள். கல்வி அலுவலகத்துக்கு இரண்டையும் சேர்த்து அனுப்புங்கள்.”

அவர் அதைக் குறித்துக்கொண்டார். பிறகு பேச்சு செய்ய வேண்டியவற்றின் பக்கம் திரும்பியது. புகார் வந்தால் பத்து நாளுக்குள் விசாரணை முடிய வேண்டும் என்று 2017-இல் பதினொரு துறைகள் வகுத்த திட்டம் சொல்கிறது. இந்தப் பள்ளியின் வதைத் தடுப்புக் குழுவோ பருவத்துக்கு ஒருமுறைதான் கூடுகிறது. அதை மாதம் இருமுறை என்று மாற்றினார்கள். சட்டத் துணைத் தலைமையாசிரியர் என்ற பொறுப்பில் இருக்கும் காவல் அதிகாரி வெறும் உரை நிகழ்த்திவிட்டுப் போகாமல் அந்தக் கூட்டத்தில் உட்கார வேண்டும். மனநல ஆசிரியையின் அறை மாலை ஐந்து மணிக்கே பூட்டப்படுகிறது. விடுதிப் பிள்ளைகளுக்கு அது திறந்திருக்க வேண்டியதே அதற்குப் பிறகுதான். விடுதித் தொலைபேசியை நடைக்கூடத்திலிருந்து எடுத்துக் கதவுள்ள அறைக்கு மாற்ற வேண்டும். காப்பாளர் அம்மாவுக்கு மேல் மாடியில் துணைக்கு ஆள் வேண்டும். அதற்கு மட்டும் பணம் எங்கிருந்து வரும் என்று யாராலும் சொல்ல முடியவில்லை. வகுப்பாசிரியர்கள் முறைவைத்துத் தங்குவது என்று தற்காலிகமாக முடிவாயிற்று. ஏற்கெனவே வேலை மிகுந்த அவர்கள் தலையில் இதுவும் விழுகிறது. முதல் வாரத்துக்கு அந்த வகுப்பாசிரியை தன் பெயரைக் கொடுத்தார்.

அடுத்த கணிப்பு மார்ச் மாதம், இளவேனில் பருவம் தொடங்கிய பிறகு. அதே படிவம், அதே ஓவிய அறை. அதுவரை வீசாட் குழுவில் க்யூஆர் குறி எதையும் அனுப்புவதில்லை என்று துணைத் தலைமையாசிரியர் ஒப்புக்கொண்டார். கல்வி அலுவலகத்துக்கு அனுப்ப வேண்டிய இந்த மாத அறிக்கையில் என்ன எழுதுவது என்று கேட்டார். நடந்ததை அப்படியே எழுதுங்கள், நாங்களும் கையெழுத்துப் போடுகிறோம் என்றார் பேராசிரியை. இருவரும் மேசைமுன் உட்கார்ந்து முதல் வரியிலிருந்து எழுத ஆரம்பித்தார்கள்.